கண்ணை மூடிக்கொண்டு எண்ணிய எழுபது வளைவுகள்

இதை எழுத வேண்டாமென்றுதான் இருந்தேன். பள்ளிக்கூடத்தில் பசுவைப் பற்றிப் பத்து வரி எழுதச் சொன்னாலே எனக்குக் காய்ச்சல் வந்துவிடும். அதுவும் போக, எப்படிச் சுற்றி வளைத்து எழுதினாலும் இந்தக் கதையில் என் தங்கச்சிதான் கெட்டிக்காரியாகத் தெரிவாள். அண்ணன்காரனுக்கு லேசில் மனசு வருகிற காரியமா அது. நோட்டை எடுத்து இரண்டு தடவை மூடிவைத்தேன்.

மூன்றாம் தடவை எடுக்க வைத்தது செம்மேட்டு டீக்கடையில் நடந்த ஒரு பேச்சு. பதினெட்டு வயதான பிள்ளைகளை வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளச் சொல்லிக் கட்டாயப்படுத்தலாமா, கூடாதா என்று நாலு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். “தள்ளாம எந்தப் புள்ளைங்க தானா வந்து கத்துக்குதுங்க?” என்றார் ஒருத்தர். “தள்ளிவுட்டு, வண்டி பள்ளத்துக்குப் போச்சுன்னா ஆரு எடுக்கறது?” என்றார் இன்னொருத்தர். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். “நீதானப்பா உன்ற தங்கச்சியத் தள்ளுனவன். நீ சொல்லு.”

டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். ஒரு டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமில்லை அது.

எங்கள் ஊர் கொல்லிமலையில், திண்ணனூர் நாட்டில் இருக்கிறது. இங்கே சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. இருபது வீடு. தார் ரோடு ஊருக்குக் கொஞ்சம் முன்னாலேயே சலித்துப்போய் நின்றுவிடும்; அதற்கு மேல் வண்டி தன் தைரியத்தில் வர வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு பழைய ஜீப் உண்டு. அப்பாவுக்கு ஓட்டத் தெரியாது. மிளகு பறிக்க எவ்வளவு உயரமான மரத்திலும் ஏறுவார், ஜீப்பில் ஏறச் சொன்னால் யோசிப்பார். அதனால் பதினெட்டு முடிந்த நாளிலிருந்து அதன் சாவி என் இடுப்பில்தான். எங்கள் காட்டு வாழைத்தாரும் மரவள்ளியும் பலாப்பழமும் அதில்தான் மலையிறங்கிச் சந்தைக்குப் போகும்.

தங்கச்சி என்னைவிட ஐந்து வயது சின்னவள். நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன். அவள் பிளஸ் டூ பாஸ் பண்ணி, கீழே டவுனில் லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர்ந்தாள். ரத்தத்தைப் பார்த்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவள் ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்ததைச் சொன்ன அன்று, தேர்த் திருவிழாவுக்குப் போய்வந்தவள் மாதிரி இருந்தாள். உள்ளே என்னென்ன நிறம், என்னென்ன வடிவம் என்று அம்மாவுக்கு அடுப்புக் கரியால் தரையில் வரைந்து காட்டினாள். அம்மா அதைப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் என்ற உள்ளாறயும் இருக்குதா சாமி?” என்று கேட்டது.

பிரச்சினை படிப்பில் இல்லை, ரோட்டில் இருந்தது. கீழே போக எழுபது கொண்டை ஊசி வளைவு. ஹாஸ்டலில் அந்த வருஷம் இடம் தீர்ந்துபோயிருந்தது. அதனால் தினமும் போக எழுபது, வர எழுபது. என் தங்கச்சிக்கு மூன்றாவது வளைவிலேயே வாந்தி வந்துவிடும்.

மலையில் பிறந்தவளுக்கு மலை ரோட்டில் வாந்தியா என்று கீழே இருக்கிறவர்கள் கேட்பார்கள். நாங்கள் மலையில் நடந்து வளர்ந்தவர்கள். பஸ்ஸில் உட்கார்ந்து சுற்றுவது வேறு வித்தை. எலுமிச்சம்பழம், புளிப்பு மிட்டாய், ஜன்னலோர சீட்டு எல்லாம் பார்த்தாகிவிட்டது. மாத்திரை போட்டால் வாந்தி நிற்கும், ஆனால் வகுப்பில் தூங்கிவிடுவாள். லோடு இருக்கும் நாளில் என் ஜீப், இல்லாத நாளில் பஸ். எதில் போனாலும் தலையில் துண்டைப் போர்த்திக் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கையில் ஒரு கவரோடு உட்கார்ந்திருப்பாள்.

நான் சும்மா இருப்பேனா. “காலைல என்ன சாப்டே, தோசையா? பாத்து கம்மியாச் சாப்புடு, ஜீப்பக் கழுவறவன் நானு” என்பேன். அவள் கண்ணைத் திறக்காமலேயே என் தோளில் ஒரு குத்து விடுவாள். குத்து சரியான இடத்தில் விழும்.

இரண்டு மாதத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. காலேஜ் போன நாளுக்கு மறுநாள் எழ முடியாமல் படுத்துவிடுவாள். வாரத்தில் மூன்று நாள் வகுப்பு, மூன்று நாள் பாய். கன்னம் ஒட்டிப்போனது. காலேஜிலிருந்து ஒரு மேடம் அம்மாவுக்கு போன் பண்ணி, இப்படியே லீவு போட்டால் அட்டெண்டன்ஸ் பத்தாது, வருஷக் கடைசிப் பரீட்சை எழுத விட முடியாது என்று சொல்லிவிட்டார். அம்மா போனை வைத்துவிட்டு, “உசுர வாங்கற படிப்பு எதுக்கு கண்ணு, நின்னுக்கோ” என்றது. அன்று சாயங்காலம் தங்கச்சி தன் காலேஜ் வெள்ளைக் கோட்டைத் துவைத்து, மடித்து, பெட்டிக்குள் அடியில் வைத்ததைப் பார்த்தேன். மறுநாள் போட்டுக்கொள்கிற துணியை யாரும் அடியில் வைக்க மாட்டார்கள்.

எனக்கு அன்றைக்கு ஒரு யோசனை வந்தது. இத்தனை வருஷத்தில் பஸ்ஸில் எல்லோரும் வாந்தியெடுத்துப் பார்த்திருக்கிறேன். மாப்பிள்ளை, பொண்ணு, போலீஸ்காரர், ஒரு தடவை கண்டக்டர்கூட. டிரைவர் எடுத்துப் பார்த்ததில்லை. ஸ்டியரிங்கைப் பிடிக்கிறவனுக்குத் தலை சுற்றாது. அவளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. ஜீப் வீட்டில் நிற்கிறது. காலையில் அவள் ஓட்டட்டும், பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவன் நான் உட்கார்ந்துகொள்கிறேன்.

இந்த யோசனையை முதலில் சொன்னது என் சிநேகிதனிடம். செம்மேட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிறான். மலையில் ஓடும் பாதி வண்டியின் டயர் அவன் கைபட்டதுதான். ஆனால் அவனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே கேட்டான்.

“அந்தப் புள்ள ஓட்டறேன்னு சொல்லுச்சா?”

“சொல்லல. நான் சொல்லிக் கத்துக்க வைப்பேன்.”

“தள்ளாதடா. எங்கப்பா என்னைய அப்புடித்தான் தூக்கி டிராக்டர்ல உக்கார வெச்சாரு. நேரா மரவள்ளிக்காட்டுக்குள்ள போயி நின்னேன்.”

“அதான் ஊருக்கே தெரியுமே. கெழங்கு பறிக்கற வேலை மிச்சம்னு சொன்னாங்க.”

அவன் சிரிக்கவில்லை. “காட்டுக்குள்ள போனது பரவால்லடா. அன்னைக்கி எல்லாருஞ் சிரிச்சாங்க பாரு, அதுதான் இன்னும் போவல.”

அவன் சொன்னதைக் காதில் வாங்கியிருந்தால் இந்தக் கட்டுரை பாதியாகக் குறைந்திருக்கும்.

ஓட்டிப் பழக எல்.எல்.ஆர். எடுக்க அவளைக் கூட்டிப்போனேன். “எனக்கு வேண்டாண்ணா, பயமா இருக்குது” என்றாள். “பரீட்சை எழுதோணுமா வேண்டாமா?” என்று கேட்டேன். அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டே அவளை எங்கு வேண்டுமானாலும் தள்ளலாம் என்று அப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்ததைச் சரியாகப் பயன்படுத்துகிற புத்திதான் இல்லை.

எல்லோரும் செய்வது போல நானும் அவளை ஒரு ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். சமதரை, இடிக்க ஒன்றுமில்லை. கிளச்சை விட்டாள், வண்டி குதித்து ஆஃப் ஆனது. மறுபடி குதித்து மறுபடி ஆஃப் ஆனது. “மெதுவா, மெதுவா” என்று சொல்ல வேண்டியவன் நான். சொன்னது என்ன தெரியுமா? “இது ஜீப்பா தவளையா?” என்றேன். கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். ஆள் சேர்ந்தால் எனக்கு வாய் நீளும். அவள் ஒவ்வொரு தடவை ஆஃப் பண்ணும்போதும் நான் ஒன்று சொல்ல, அவர்கள் சிரிக்க, ஏழாம் தடவையோ எட்டாம் தடவையோ அவள் சாவியை உருவி என் மடியில் போட்டாள். கதவைத் திறந்து இறங்கினாள். வீடு வரைக்கும் நடந்தே போனாள். பின்னாலேயே ஜீப்பை உருட்டிக்கொண்டு, “ஏறு அம்மணி, ஏறு” என்று கெஞ்சிக்கொண்டே போனேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு வாரம் என்னோடு பேச்சு இல்லை. சோறு போடுவாள், பேச மாட்டாள். அம்மா என்னைப் பார்த்து, “அவளுக்கு வாந்தி ஒண்ணுதான் இருந்துச்சு, நீ அவமானத்தையுஞ் சேத்துக் குடுத்துட்டியேடா” என்றது. அந்த வாரம் முழுக்க நான் யாரையும் நக்கல் பண்ணவில்லை. அபூர்வமான வாரம் அது.

அடுத்த திங்கட்கிழமை அவள் பெட்டியின் அடியிலிருந்து கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினாள். அன்று ஒரு டெஸ்ட், போகாவிட்டால் மொத்தமும் போய்விடும். பின்னால் வாழைத்தார், பக்கத்தில் துண்டு போர்த்திய தங்கச்சி. பேசாமல் மலை இறங்கிக்கொண்டிருந்தோம். பாதி வழியில் துண்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

“இப்ப முப்பத்தாறு தாண்டிட்டோம். முப்பத்தாறுல நீ எப்பவும் கியர லேட்டாத்தான் கொறைக்கறே. அதனாலதான் இங்க வந்தா எனக்கு வவுறு பொரட்டுது.”

எங்கள் ரோட்டில் ஒவ்வொரு வளைவுக்கும் நம்பர் போட்ட பலகை உண்டு. கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். நாங்கள் தாண்டி வந்தது முப்பத்தாறுதான். அவள் முகத்தைப் பார்த்தேன். துண்டு புருவம் வரைக்கும் இறங்கியிருந்தது. கண் இறுக மூடியிருந்தது.

சோதித்துப் பார்க்க வேண்டுமென்று தோன்றியது. கொஞ்ச தூரம் போய், “இது எத்தனை?” என்றேன்.

“இருவத்தொம்போது. பாறையில தண்ணி சொட்டற சத்தங் கேக்குது பாரு.”

“இது?”

“இருவத்தெட்டு. இதுக்கும் அதுக்கும் நடுவால தூரங் கம்மி. ஒரு மூச்சு இழுத்து வுடறதுக்குள்ள வந்துரும்.”

ஒரு நேரான இடத்தில் வேண்டுமென்றே ஸ்டியரிங்கை லேசாக இப்படியும் அப்படியும் ஆட்டினேன். “சரி, இது எத்தனை?”

“இது வளைவே இல்ல. நீ சும்மா ஆட்டறே. வாழைத்தாரு வுழுந்துரப் போவுது.”

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். ஐந்து வருஷமாக இந்த ரோட்டில் ஓட்டுகிறவன் நான். பலகையைப் பார்க்காமல் எனக்குப் பத்து வளைவின் நம்பர்கூடத் தெரியாது. அவளுக்கு எழுபதும் தெரிந்திருந்தது. எந்த வளைவு இடுப்பை எந்தப் பக்கம் தள்ளும், எங்கே குளிர் காற்று முகத்தில் அடிக்கும், எந்த இடத்தில் குரங்குகள் சத்தம் போடும், எந்த வளைவில் நான் பிரேக்கை இரண்டு தடவை அமுக்குவேன், அரசு பஸ் டிரைவர் ஒரே தடவையில் எப்படி முடிப்பார், எல்லாம்.

“எப்புடிப் புள்ள?” என்று கேட்டேன்.

“எத்தன பாக்கி இருக்குதுன்னு தெரிஞ்சாத்தான் தாங்க முடியும். அதான் எண்ணிக்கிட்டே வருவேன்.”

ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள். நான் அவளை மூட்டை மாதிரி ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த அத்தனை நாளும், அவள் அந்தத் துண்டுக்குள் உட்கார்ந்து ரோட்டைப் படித்திருக்கிறாள். கண்ணைத் திறந்து வைத்திருந்த எனக்கு அது தெரியவில்லை.

அன்று சாயங்காலம் மலையடிவாரத்தில், ஏற ஆரம்பிக்கிற இடத்தில், “நிறுத்து” என்றாள். வாந்தி என்று நினைத்துக் கவரை எடுத்தேன். அவள் இறங்கிச் சுற்றி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

“தள்ளி உக்காரு.”

“எதுக்கு?”

“நான் ஓட்டறேன். மைதானத்துல எனக்கு வராது. அங்க எப்ப என்ன பண்ணோணும்னு ஒண்ணுமே தெரியல. இங்க தெரியும்.”

இப்போது பயம் எனக்கு வந்துவிட்டது. அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது, கிளச்சை விடத் தெரியாதவள் வளைவில் என்ன செய்வாள் என்று எதையெதையோ சொல்லிப் பார்த்தேன். அவள் கதவைப் பிடித்தபடியே நின்றாள். “பரீட்சை எழுதோணுமா வேண்டாமா?” என்று கேட்டாள். என் கேள்வியை என்னிடமே கேட்டால் நான் என்ன செய்வேன். தள்ளி உட்கார்ந்தேன்.

அடிவாரத்திலேயே ஒரு காலி இடத்தில் கிளச்சை மட்டும் விட்டு விட்டுப் பழகினாள். நான் வாயைத் திறக்கவில்லை. திறக்காமல் இருப்பதற்கு இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அரை மணி நேரத்தில் தவளை ஜீப்பாகிவிட்டது. அன்று மூன்று வளைவு மட்டும் ஓட்டினாள். மறுநாள் எட்டு. இருட்டுவதற்குள் மாறி உட்கார்ந்துகொள்வோம். ஒரு வாரம் கழித்து ஒரு நாள், இன்றைக்கு முழு மலையும் ஏறிவிடுகிறேன் என்றாள்.

வளைவு வருவதற்கு முன்னாலேயே அவள் உதடு அசையும். நம்பரைச் சொல்கிறாள். உடனே கியர் குறையும், பிறகு ஹாரன், பிறகு அகலமாக எடுத்து உள்ளே திருப்புவாள். மேலிருந்து இறங்கி வரும் வண்டிதான் நின்று வழிவிட வேண்டும் என்பது மலையில் எழுதாத சட்டம். பொம்பளைப் பிள்ளை ஓட்டுகிறாள் என்று பார்த்துவிட்டு ஒரு லாரிக்காரர் நிற்காமல் இறங்கப் பார்த்தார். அவள் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. லாரி நின்றது, பின்னால் போனது, ஒதுங்கியது. தாண்டும்போது அந்த டிரைவரைப் பார்த்து, “ரொம்ப நன்றிங்கண்ணா” என்றாள். அந்த ஆள் பாவம், தன்னையறியாமல் கும்பிட்டுவிட்டார்.

வாந்தி? அவளுக்கு வரவே இல்லை. முகத்தில் ஒரு தெளிச்சல். நாற்பத்தொன்றாவது வளைவில் வந்தது எனக்குத்தான்.

இத்தனை வருஷத்தில் இந்த மலையில் நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து முழு ஏற்றம் ஏறியதே இல்லை. முதலில் காது அடைத்தது. பிறகு மத்தியானம் சாப்பிட்ட பரோட்டா தன் இருப்பைத் தெரிவித்தது. “நிறுத்து புள்ள” என்றேன், மரியாதையாக. அகலமான இடமாகப் பார்த்து ஓரங்கட்டினாள். எங்கள் பக்கம் ஏற்றத்தில் வண்டி நின்றால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் குதித்துப் போய் டயருக்கு ஒரு கல் வைக்க வேண்டும். பிரேக்கை நம்பினாலும் கல் வைக்காமல் மனசு ஆறாது. நான் கதவைத் திறந்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டு பள்ளத்துப் பக்கம் ஓடினேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

“மொதல்ல கல்ல வெய்யி. அப்பறம் வாந்தி எடு.”

வைத்தேன். அப்புறம் எடுத்தேன்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது, அவள் என்னென்ன சொல்லப் போகிறாள் என்று பயந்துகொண்டிருந்தேன். அவளுடைய இடத்தில் நான் இருந்திருந்தால் அந்த ஒரு வாந்தியை வைத்துப் பத்து வருஷம் ஓட்டியிருப்பேன். அவள் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள். தன் துண்டை எடுத்து என் தலையில் போர்த்தினாள்.

“கண்ண மூடிக்கோண்ணா. இன்னும் இருவத்தொம்போதுதான். நான் சொல்லிக்கிட்டே வாரேன்.”

சொல்லிக்கொண்டே வந்தாள். நாற்பத்திரண்டு, நாற்பத்திமூன்று என்று ஒவ்வொன்றாக. எனக்கு அந்த நம்பர்கள் ஒரு கைப்பிடி மாதிரி இருந்தன. அவளை நான் எவ்வளவோ கிண்டல் பண்ணியிருக்கிறேன். துண்டுக்குள் எப்படி இருக்கும் என்று ஒரு நாள்கூட யோசித்ததில்லை.

அதற்குப் பிறகு அவள் ஒரு நாளும் பாயில் படுக்கவில்லை. காலையில் அவள் இறக்குவாள், சாயங்காலம் அவளே ஏற்றுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, கல் வைக்கிற உத்தியோகம் பார்த்தேன். எனக்கும் மெல்ல மெல்லப் பழகிவிட்டது, இரண்டு நாளுக்கு ஒரு எலுமிச்சம்பழம் செலவு. அவள் கன்னத்தில் மறுபடி சதை வைத்தது. காலேஜ் மேடம் மறுபடி போன் பண்ணினார்கள். அட்டெண்டன்ஸ் தேறிக்கொண்டிருக்கிறது, ஒரு நாளும் விடாமல் வந்தால் எழுதலாம் என்றார்கள். அம்மா அந்த போனுக்குப் பிறகு ஜீப்புக்கு ஒரு எலுமிச்சம்பழத்தையும் மிளகாயையும் கோர்த்துக் கட்டியது. “இன்னொரு பழத்த எனக்குக் குடு” என்றேன். அம்மாவுக்குப் புரியவில்லை. தங்கச்சிக்குப் புரிந்தது, அன்றைக்கும் என் வாந்தியைக் காட்டிக்கொடுக்கவில்லை.

லைசென்ஸ் டெஸ்ட் கீழே சமவெளியில் ஒரு மைதானத்தில் நடந்தது. மைதானம் என்றதுமே நான் வாயை மூடிக்கொண்டு தூரமாகப் போய் நின்றுவிட்டேன். எட்டுப் போட வேண்டும். அவள் எட்டின் ஒவ்வொரு வளைவுக்கும் ஹாரன் அடித்தாள். எதிரில் ஒரு கோழிகூட இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆபீசர், “எதுக்கும்மா அடிக்கறே?” என்று கேட்டாராம். “அந்தப் பக்கத்துல இருந்து வண்டி வந்தா எப்புடித் தெரியுமுங்க சார்?” என்றாளாம். பிறகு ஒரு சின்ன மேட்டில் நிறுத்தச் சொல்லியிருக்கிறார். சுத்தமாக நிறுத்திவிட்டு, அவர் பக்கம் திரும்பி, “எறங்கி ஒரு கல்லு வெச்சிருங்க சார்” என்று சொல்லிவிட்டாள். தூரத்திலிருந்து பார்த்த எனக்கு, ஆபீசர் பாதி இறங்கி ஒரு காலைத் தரையில் வைத்ததும், அப்புறம் எதற்கு இறங்குகிறோம் என்று யோசித்து மறுபடி ஏறியதும் மட்டும்தான் தெரிந்தது. “கொல்லிமலையா?” என்று கேட்டாராம். “ஆமாங்க சார்.” “சரி, போ” என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

டீக்கடையில் கேட்டார்களே, தள்ளலாமா கூடாதா என்று. எனக்கு இன்னும் முழுசாகத் தெரியவில்லை. நான் தள்ளியிருக்காவிட்டால் எல்.எல்.ஆர். இருந்திருக்காது, அவள் அன்று கதவைத் திறந்து நின்றிருக்கவும் முடியாது. அந்த மட்டில் தள்ளியது நல்லதுதான். ஆனால் நான் தள்ளியது என் வழியில், நான் கற்றுக்கொண்ட மைதானத்தில், நான் சிரித்துக்கொண்டு. ஒரு பிள்ளை எதை ஏற்கெனவே தெரிந்துவைத்திருக்கிறது என்று பார்க்காமல் தள்ளினால் அது சாவியை உருவி மடியில் போட்டுவிடும். என் சிநேகிதனுக்கு அப்படிப் பார்க்க ஒருத்தரும் இல்லாமல் போய்விட்டது. இதையெல்லாம் டீக்கடையில் சொன்னால், நீ எப்படா இப்படிப் பேச ஆரம்பிச்சே என்று கேட்பார்கள். அதற்குப் பயந்துதான் எழுந்து வந்தேன்.

போன மாதம் பரீட்சை வந்தது. அதற்கு முந்தின நாள் சாயங்காலம், “நாளைக்கு நான் தனியாப் போய்க்கறேன்” என்றாள்.

“நான் வாரேன். எனக்கும் கீழ வேலை இருக்குது.”

“உனக்கு ஒரு வேலையும் இல்ல. நீ பக்கத்துல உக்காந்தா நான் உன் மொகத்தப் பாத்துக்கிட்டே வரோணும். பரீட்சை அன்னைக்கி ரோட்டை மட்டும் பாக்கறேன்.”

அப்பா அதுவரைக்கும் இந்த விஷயத்தில் வாயே திறக்காதவர். மிளகைத் தேய்த்துக்கொண்டே, “அவ போவட்டும் வுடுறா” என்றார். அதோடு முடிந்தது.

காலையில் வெள்ளைக் கோட்டை மடித்துப் பக்கத்து சீட்டில் வைத்தாள். நான் உட்காருகிற சீட் அது. அம்மா, “பாத்துப் போய்ட்டு வா சாமி” என்றது. நான், “வளைவுல கண்ண மூடிறாத” என்றேன். ஜீப் மண் ரோட்டில் குலுங்கிக் குலுங்கிப் போய், தார் ரோட்டில் ஏறி, பலா மரத்துக்கு அந்தப் பக்கம் மறைந்தது. சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. எங்கே கியர் மாற்றுகிறாள் என்று காதை வைத்துக் கேட்டுக்கொண்டே நின்றேன். பிறகு அதுவும் இல்லை.

செம்மேட்டைத் தாண்டித்தான் வளைவுகளுக்குப் போக வேண்டும். என் சிநேகிதன் கடை அந்த ரோட்டுமேல் இருக்கிறது. அவள் தாண்டும்போது எனக்கு ஒரு போன் போடச் சொல்லி அவனிடம் முந்தின நாளே சொல்லிவைத்திருந்தேன். நான் ஓட்டினால் செம்மேட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். அவ்வளவு நேரமும் ஆனது. போன் வரவில்லை. அம்மா உள்ளிருந்து இரண்டு தடவை எட்டிப் பார்த்தது. சிக்னல் நன்றாகக் கிடைக்கிற மேட்டில் ஏறி நின்று நானே போன் போட்டேன். எடுத்ததும் காற்றடிக்கிற மெஷின் சத்தம் கேட்டது.

“டேய், ஜீப்பு அந்தப் பக்கம் வந்துச்சா? மெதுவாத்தான் வருவா, நேரமாவும். வழியில எங்கயாச்சும் நின்னுட்டாளோ என்னமோ, நீ கொஞ்சம் ரோட்டுக்கு வந்து பாருடா. ஆஃப் ஆயிருந்தாலும் அவளே எடுத்துருவா, இருந்தாலும் ஒரு எட்டு வந்து பாரு.”

“அவ தாண்டிப் போயி கால் மணி நேரமாச்சு, நீ போயி மொதல்ல பல்லத் தேயி.”